ஜாரவா காட்டுக்கு நடுவுல ஒரு ரோடு

வணக்கம் நேயர்களே. ஆபீஸ்ல குடுக்கிற பயணச் சலுகை எல்டிசி போட்டு அந்தமான் போயிட்டு வந்தவர் உங்க ஆபீஸ்ல ஒருத்தராவது இருப்பார், அவர் சொல்ற கதையில பாராடாங் தீவுல இருக்கிற சுண்ணாம்புக் குகை கட்டாயம் வரும். நான் பேச வந்தது குகையைப் பத்தி இல்லைங்க, அங்க போற ரோட்டைப் பத்தி.

விடியக்காலைலயே ஜிர்காடாங் செக்போஸ்ட்ல வண்டிங்க வரிசை கட்டி நிக்கும். போலீஸ் காவலோட கான்வாயா அனுப்புவாங்க. நடுவுல நிறுத்தக் கூடாது, காட்டுல இருக்கிற ஜாரவா பழங்குடி மக்களைப் போட்டோ எடுக்கக் கூடாது, அவங்களுக்கு எதையும் கொடுக்கக் கூடாது. நான் போன வேன்ல ஒரு அம்மா புள்ளைங்கள ஜன்னலோரம் உக்கார வெச்சு "பாரு, இப்ப வருவாங்க, இப்ப வருவாங்க"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க, யாரும் தென்படல, காட்டு ரோடு முடியற மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறைல இறங்கினதும் ஒருத்தர் டிரைவர்கிட்ட "இவ்ளோ காசு கொடுத்தும் ஒருத்தரக்கூட காட்டலையே"ன்னு சண்டைக்கே போயிட்டார். யோசிச்சுப் பாருங்க, அவர் கேட்டது மனுஷங்கள. அந்தக் காடு ஜாரவா மக்களோட வீடு, ரோடு அவங்க வீட்டுக்கு நடுவுல போகுது.

அவங்க மொத்தமே சில நூறு பேர்தான். 1997 கடைசி வரைக்கும் பெரும்பாலும் வெளியாட்களைக் கிட்ட சேர்க்காம இருந்தவங்க. வெளிய வர ஆரம்பிச்சு ரெண்டே வருஷத்துல, 1999-ல, தட்டம்மை பரவுச்சு. நமக்கு அம்மை போட்டா வேப்பிலை கட்டிப் படுத்து எழுந்துருவோம், அவங்க உடம்புக்கு அந்த நோயே புதுசு. பக்கத்துல கிரேட் அந்தமானியர்கள்னு ஒரு இனம், 1858 வாக்குல அஞ்சாயிரம் பேர் இருந்திருப்பாங்கங்கறாங்க, வெளியாட்கள் கொண்டுவந்த நோயிலயும் மத்ததுலயும் அழிஞ்சு இப்ப அம்பது பேர் சொச்சம். அதனாலதான் ஒரு பிஸ்கட் பாக்கெட்டக்கூட ஜன்னல் வழியா அவங்ககிட்ட நீட்டாதீங்கன்னு சொல்றேன்.

காட்டுக்குள்ள போற அந்தப் பகுதி ரோட்டை மூடச் சொல்லி 2002-லயே சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டுச்சு. மூடல. 2012-ல சாப்பாட்டக் காட்டி ஜாரவா பொண்ணுங்கள ஆட வெச்ச வீடியோ வெளிய வந்து உலகமே கொதிச்சுது, அப்பவும் மூடல. ரோடு அவங்க வீட்டுக்கு நடுவுலதான் இன்னும் போகுது.

அங்கயே குடியிருக்கிற நம்ம தமிழ் ஜனங்க, ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் இதே ரோட்ட நம்பி இருக்கிறவங்க, அவங்களப் பத்தியும் சொல்ல நினைச்சேன், நேரம் முடியுதுன்னு சைகை காட்டுறாங்க. ஒண்ணு மட்டும். பாராடாங்குக்கு 2017-ல கடல் வழியும் திறந்தாங்க. டூர் புக் பண்றப்போ ஏஜென்ட்கிட்ட "படகுல போக முடியுமா"ன்னு முதல்ல கேளுங்க. நன்றி, வணக்கம்.