நாய் பொறுத்துக்கொள்கிறது, சரி. அதற்குப் பிடித்திருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு முதலில் ஒரு கிளிப் போடுகிறேன், 9 நொடிதான். பார்த்துவிட்டுப் பேசலாம்.

பார்த்தீர்களா? மருத்துவமனைகளுக்குப் போய் நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் தெரபி நாயாக இருந்தவள் என் பிரவுனி. ஒரு சின்னப் பையன் அவளுடைய கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொள்கிறான். பையனின் முகத்தை மறைத்திருக்கிறேன். பிரவுனி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள், என் சிரிப்பும் பின்னால் கேட்கிறது. 2 வருடத்துக்கு முன்னால் இதைப் போட்டபோது "என்ன பொறுமை!" என்று நிறையப் பேர் எழுதினீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது அதையே மெதுவாக ஓட்டுகிறேன். பையனை விட்டுவிடுங்கள், அவள் முகத்தை மட்டும் கவனியுங்கள். கை கழுத்தில் படுகிறது... இதோ, வாய் மூடிவிட்டது. அதுவரை நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தவள். அப்புறம் நாக்கு வெளியே வந்து மூக்கை ஒரு தடவை நக்கிவிட்டு உள்ளே போகிறது, அரை நொடிகூட இல்லை. காதுகள் பின்னால் படிகின்றன. தலையை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள், ஆனால் கண் மட்டும் பையன் மேலேயே இருக்கிறது. அதனால் விழியின் வெள்ளை ஓரத்தில் பிறை மாதிரித் தெரிகிறது. கடைசியில் வலது முன்னங்கால் தரையை விட்டு லேசாக எழும்புகிறது.

9 நொடிக்குள் 5 தடவை "போதும்" என்று சொல்லியிருக்கிறாள். அவள் கழுத்து வாரான லீஷைப் பிடித்திருந்த நான் ஒன்றைக்கூடக் கவனிக்கவில்லை. அந்தக் கிளிப்பை அன்றைக்கே எடுத்துவிட்டிருக்க வேண்டும். இன்றைக்கு மறுபடியும் போடுவது இதைக் காட்டத்தான்.

நார்வேயைச் சேர்ந்த டூரிட் ருகாஸ் என்ற நாய்ப் பயிற்சியாளர் இந்த மாதிரி அசைவுகளை அமைதிப்படுத்தும் சைகைகள் என்று விளக்கியிருக்கிறார். மூக்கை நக்குவது, கொட்டாவி, முகத்தைத் திருப்புவது எல்லாம் அதில் வரும். ஒன்றே ஒன்றைப் பார்த்துப் பதற வேண்டாம். தூக்கம் வந்தாலும் கொட்டாவி வரும். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரபி நாய் வேறு, பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் வேறு. வழிகாட்டி நாய் ஒரே மனிதரோடு வாழ்கிறது. தெரபி நாய் பெரும்பாலும் ஒரு வீட்டின் செல்ல நாய்தான். மருத்துவமனை, முதியோர் இல்லம், பள்ளி என்று தன் ஆளோடு போய்வரும். அங்கே அதைத் தொடுகிறவர்களில் பலரும் அதற்குப் புதியவர்கள். ஒரு மணி நேரத்தில் முன்பின் தெரியாத 20 பேர் உங்கள் தலையைத் தடவினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வேலை எப்படித் தொடங்கியது என்று தேடிப் படித்தபோது ஒரு விஷயம் மனதில் நின்றது. அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன் 1962இல் நாயைத் துணைச் சிகிச்சையாளர் என்று சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய நாயின் பெயர் ஜிங்கிள்ஸ். யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவனை அவனுடைய அம்மா குறித்த நேரத்துக்கு முன்னாலேயே அழைத்து வந்துவிட, அங்கே இருந்த ஜிங்கிள்ஸ் தானாக ஓடிப்போய் அவனை வரவேற்றது. தானாக! யாரும் அதைக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கைக்குப் படுக்கை நிறுத்தவில்லை.

ஆராய்ச்சியிலும் இதற்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. நாயின் கன்னத்துக்குள் பஞ்சு வைத்து உமிழ்நீர் எடுத்து, கார்டிசால் என்ற ஹார்மோனை அளப்பார்கள். மன அழுத்தத்தில் அது ஏறும், நல்ல உற்சாகத்திலும் ஏறும். அதனால் எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் லிசா க்ளெங்க் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை அறையில் லீஷ் இல்லாமல் இருந்த நாய்களுக்குக் கார்டிசால் குறைவாக இருந்தது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளைப் பார்க்கப் போன 26 நாய்களை வைத்து அமெரிக்காவில் செய்த இன்னொரு ஆய்வு 2018இல் வந்தது. அந்த நாய்களுக்குக் கார்டிசால் பெரிதாக மாறவில்லை. ஆக, வேலையே கொடுமை என்று நான் சொல்ல வரவில்லை. பிடிக்காவிட்டால் விலகிப்போக நாய்க்கு வழி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

சரி, அதை எப்படிக் கேட்பது? நான் செய்வது இதுதான். யாராவது தடவ ஆரம்பித்ததும் மனதுக்குள் 5 எண்ணுவேன். "கொஞ்சம் கையை எடுங்கள், இன்னும் வேண்டுமா என்று அவளே சொல்லட்டும்" என்பேன். லீஷ் தொய்வாகத்தான் இருக்கும். நெருங்கி வந்தாலோ, தலையைக் கைக்கு அடியில் நுழைத்தாலோ தொடரலாம். அப்படியே நின்றால் அது சம்மதம் இல்லை. உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு வேறு பக்கம் பார்த்தால் நாங்கள் அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம், அல்லது வீட்டுக்கு. குழந்தைகள் இதை ரொம்பச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். பெரியவர்களிடம்தான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

தெரபி நாயை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேலை செய்யவிடலாம் என்று கேட்டிருந்தீர்கள். பெட் பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அது மேல் வரம்பு, அவ்வளவு நேரம் இருந்தே தீர வேண்டும் என்று அர்த்தம் இல்லை. வேலைக்குப் போன நாட்களில் பிரவுனிக்கு 40 நிமிடத்திலேயே முகம் வாடிவிடும்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், யாரும் இதைப் பேசுவதில்லை. மருத்துவமனைத் தரை நமக்குச் சுத்தம், நாய்க்கு வழுக்கல். நகம் பிடிக்காது. பின்னங்கால் விலகிவிடாமல் இருக்க உடம்பை இறுக்கிக்கொண்டே நடக்கும். இடுப்பு மூட்டு தேய்ந்த வயதான நாய்க்கு ஒவ்வொரு அடியும் வேலை. நாங்கள் உட்காரும் இடத்தில் ரப்பர் பாய் விரித்த நாளிலிருந்து பிரவுனி படுத்துக்கொள்ளவே தொடங்கினாள். அதுவரை ஏன் உட்கார்ந்தே இருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் சூடு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம், அவ்வளவுதான். மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தண்ணீர் கையோடு இருக்கட்டும். நோயாளிகள் கையால் ட்ரீட் (தின்பண்டம்) கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். கனடாவில் 2009இல் வந்த ஆய்வு ஒன்றில், நோயாளிகளை நக்கிய நாய்களிடமும் அவர்கள் கையால் ட்ரீட் வாங்கித் தின்ற நாய்களிடமும் மருத்துவமனைக் கிருமிகள் அதிகம் காணப்பட்டன. தலையில் தொப்பி மாட்டிப் போட்டோ எடுப்பதா? கேட்பவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுவேன்.

பிரவுனிக்கு இப்போது 9 வயது. போன வருடக் கடைசியில், வேலைக்குப் போகும்போது அவளுக்குப் போட்டுவிடும் மேலங்கியான வெஸ்டைக் கையில் எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். முதல் தடவை விளையாட்டு என்று நினைத்தேன். இரண்டாம் தடவை வெஸ்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். கால்நடை மருத்துவரிடம் காட்டினோம், இடுப்பில் வலி இருந்தது. அதோடு அவளுடைய வேலை முடிந்தது.

ஆனால் ஒருவரை மட்டும் அவள் விடவில்லை. நாங்கள் வாராவாரம் பார்த்துவந்த ஒரு பெரியவர். அவருடைய அனுமதியோடு இதைச் சொல்கிறேன். இப்போது தோட்டத்தில்தான் சந்திக்கிறோம். வெஸ்ட் இல்லை, லீஷ் இல்லை, 20 நிமிடம். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், நான் தள்ளி நிற்பேன். போவதும் போகாததும் அவள் இஷ்டம்.

போன வாரம் எடுத்த கிளிப் இது. சத்தம் குறைவாக இருக்கும், காற்று அதிகம். அவள் மோவாயை அவர் முழங்காலில் வைத்திருக்கிறாள், அவர் அவளுடைய காதுக்குப் பின்னால் தடவுகிறார். இப்போது கையை எடுக்கிறார். அவள் என்ன செய்கிறாள், பாருங்கள்.