எட்டுத் தக்காளிச் செடிகள்

அன்பார்ந்த நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் சந்தைக்குப் பெட்டி பெட்டியாகத் தக்காளி வந்து இறங்கும் வட்டாரத்தில் குடியிருந்துகொண்டு, வீட்டுப் புழக்கடையில் எட்டே எட்டுத் தக்காளிச் செடிகளைக் காப்பாற்ற முடியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்லவே வந்திருக்கிறேன். கணக்கெழுதி ஓய்வு பெற்ற எனக்கு மண்வேலையில் என்றுமே நாட்டம் இருந்ததில்லை. சென்ற பங்குனியில் என் மனைவிக்கு முழங்கால் வலி கூடி, குனிந்து நிமிர முடியாமல் போனது. "பாத்தி காய்ஞ்சு போகுதுங்க, ஒரு குடம் தண்ணியாவது ஊத்துங்க" என்று அவர் சொன்ன நாளில், மனமில்லாமலேயே அந்தப் பொறுப்பை ஏற்றேன்.

மனமில்லாத வேலைக்கு நேரம் காலம் இருக்காது. நான்கு நாள் மறந்துவிடுவேன். ஐந்தாம் நாள் செடி துவண்டு கிடப்பதைக் கண்டு பதறி, குடம் குடமாக ஊற்றுவேன். செடிகள் பிழைத்துக்கொண்டன, பூத்தன, காய்த்தன. ஆனால் பழுக்கத் தொடங்கிய முதல் காயைத் திருப்பிப் பார்த்தபோது, காம்புக்கு நேர் எதிரான அடிப்பக்கத்தில், எட்டணா அளவுக்குக் கறுத்து, உள்வாங்கி, தோல் பதனிட்ட செருப்பைப் போல் தடித்திருந்தது. மேல்பாதியோ பளபளவென்று சிவந்திருந்தது. அடுத்த காயும் அப்படியே.

சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் கோளாறு இது என்றார்கள். எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும்; அந்த நீரைக் குடிக்கும் செடிக்கா சுண்ணாம்பு போதவில்லை? விசாரித்த பிறகுதான் விளங்கியது. அந்தச் சத்து வேரிலிருந்து தண்ணீரோடு சேர்ந்துதான் மேலேறும். வெயிலில் இலைகள் நீரை ஆவியாக விடுவதால் ஓட்டம் இலைப்பக்கமே சாய்கிறது. காய்க்குக் கிடைப்பது குறைவு, அதன் அடிமுனைக்கோ கடைசியாகத்தான் போய்ச் சேரும். மண் ஒரு நாள் காய்ந்தும் ஒரு நாள் சேறாகவும் கிடந்தால் அந்தக் கொஞ்சமும் தடைபடும். ஆக, குறை மண்ணில் இல்லை. தண்ணீர் விட்ட முறையில் இருந்தது. இதை அறிந்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் முதல் காலையில் செடிக்கு இரண்டு சொம்பு, அளவு மாறாமல். தூரைச் சுற்றிக் கேழ்வரகுத் தாளையும், பக்கத்து வீட்டு மாமரத்துச் சருகையும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினேன். கறுத்த காய்கள் திரும்பவில்லை, திரும்பவும் மாட்டா, அவற்றைப் பறித்துவிட்டேன். அதன்பின் பிடித்த பிஞ்சுகளில் பெரும்பாலானவை முழுதாகப் பழுத்தன.

வெண்டையில் எனக்கு வெற்றி இல்லை. இலையின் பச்சை அப்படியே இருக்க, நரம்புகள் மட்டும் வலை பின்னியது போல் மஞ்சளாகும் தேமல் நோய் அது. இலையைத் தொட்டால் அடியிலிருந்து குபீரென்று எழும் வெள்ளை ஈக்களே அதைச் செடிக்குச் செடி பரப்புகின்றன. வேப்பெண்ணெய்க் கரைசல் ஈயைக் குறைக்கும். நோய் கண்ட செடியை மீட்காது. பூவோடு நின்ற ஆறு செடிகளைப் பிடுங்கியபோது மனம் கனத்தது. பங்குனியில் அந்தக் கனம் எனக்கு இருந்திருக்காது.

கோடை மழை நனைத்ததும் சித்திரையிலேயே பந்தல் அவரையையும் ஊன்றிவிட்டேன். கொடி பந்தலை மூடிற்று. பூ மட்டும் இல்லை. ஆவணியில் வெட்டிவிடலாம் என்று அரிவாளோடு போனவனை மனைவி தடுத்தார். "பொழுது குறுகிப் பனி இறங்கட்டும், தானா பூக்கும்" என்றார். பகல் நீளம் குறைந்த பிறகே பூக்கும் இனமாம் அது. அதனால்தான் ஆடியில் ஊன்றி மார்கழி, தையில் பறிப்பது நம் வழக்கம்.

இப்போது புரட்டாசி. ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றி முடித்ததும், மனைவி திண்ணையில் நாற்காலியில் அமர்ந்து கேட்பார், நான் கொடியின் நுனிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துச் சொல்வேன். இன்று காலை வரை மொட்டு கட்டவில்லை.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.