மாப்பிள்ளையைக் கேள்!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். கையில் கட்டினால் நிறைவு தரும் கடிகாரம் நம் நாட்டு எச்.எம்.டி. ஜனதாவா, சுவிஸ் நாட்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டரா? ஜனதாதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். என்ன சொன்னார்? "ஜனதாவில் இருப்பது கண்ணாடியே இல்லை, வெறும் பிளாஸ்டிக். தினமும் சாவி கொடுக்க வேண்டிய பாட்டன் காலத்துச் சாமான்." எல்லாரும் சிரித்தீர்கள். சரி தம்பி, நான் ஒன்று கேட்கிறேன். 1969-ல் விண்வெளி வீரர் பஸ் ஆல்ட்ரின் நிலாவில் நடந்தபோது அவர் கையில் இருந்த ஸ்பீட்மாஸ்டரை மூடியிருந்தது எது? ஹெசலைட். அதுவும் பிளாஸ்டிக்தான்! விண்கலத்துக்குள் கண்ணாடி உடைந்து சில்லு மிதந்தால் ஆபத்து, பிளாஸ்டிக் அப்படிச் சிதறாது. நிலாவுக்குப் போனால் அது பாதுகாப்பு, மாட்டுத்தாவணிக்குப் போனால் மட்டமா? எங்கள் ஜனதாவில் கீறல் விழுந்தால் கொஞ்சம் பற்பசை தேய்ப்போம், மினுமினுத்துவிடும்.

அப்புறம் சாவி. நிலாவுக்குப் போன கடிகாரமும் கையால் சாவி கொடுக்கிற கடிகாரம்தான் தம்பி! அங்கே சாவி கொடுத்தால் சரித்திரம், இங்கே கொடுத்தால் பாட்டன் காலமா?

ஸ்பீட்மாஸ்டரை நான் குறைத்துப் பேசவில்லை. 1970-ல் நிலாவுக்குக் கிளம்பிய அப்போலோ 13 விண்கலம் ஆபத்தில் மாட்டியபோது, எஞ்சினை 14 விநாடி எரித்துப் பாதையைத் திருத்த அந்தக் கடிகாரத்தில்தான் நேரம் பார்த்தார்கள். பெரிய காரியம்தான். ஆனால் பல லட்சம் கொடுத்து அதை வாங்குகிற நம்மில் எத்தனை பேர் அதன் ஸ்டாப்வாட்சை அழுத்தப்போகிறோம்? ஜனதாவில் மூன்று முள், உள்ளே சக்கரங்கள் தேயாமல் சுழல 17 கல், அவ்வளவுதான். ஜப்பானின் சிட்டிசன் கைகொடுக்க, 1961-ல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம், சாதாரண மனிதன் கைக்கென்று செய்து கொடுத்தது.

எழுபதுகளில் என் அப்பாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. வாட்ச் போடுவதாகப் பேச்சு. தாத்தா கடை கடையாக அலைகிறார், சரக்கு இல்லை. முகூர்த்த நாளும் வந்துவிட்டது. தாத்தா என்ன செய்தார் தெரியுமா? தன் கையில் இருந்த ஜனதாவைக் கழற்றித் துடைத்து மாப்பிள்ளை கையில் கட்டிவிட்டார்!

ஊருக்கே மணி சொன்ன மனிதர் அவர். மறுநாள் டீக்கடையில் ஒருவர் கேட்கிறார்: "மாமா, மணி என்ன?" தாத்தா வெறும் மணிக்கட்டைப் பார்க்கிறார். "மாப்பிள்ளையைக் கேள்!" பஸ்ஸுக்கு நிற்கிறவர் கேட்கிறார்: "மணி என்னங்க?" "மாப்பிள்ளையைக் கேள்!" மாப்பிள்ளை இருப்பதோ பக்கத்து ஊரில்! கோயிலில் பூசாரி கேட்டாலும் அதே பதில். கடைசியில் பங்காளி ஒருவர் நிஜமாகவே அப்பாவுக்கு இன்லண்ட் லெட்டர் போட்டார்: "மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். இங்கு அனைவரும் நலம். மணி என்ன என்று தெரிவிக்கவும்." அப்பா சும்மா இருப்பாரா? பதில் எழுதினார்: "கடிதம் கிடைத்தபோது மணி பத்தே கால்!"

பெண்ணைக் கொடுத்து, தன் நேரத்தையும் சேர்த்துக் கொடுத்த மனிதர், நடுவர் அவர்களே.

அந்த ஜனதாவை அப்பா கடைசிவரை கழற்றவில்லை. வாதம் வந்து வலது கை விழுந்த பிறகு அவரால் சாவி கொடுக்க முடியவில்லை. அம்மா காலையில் காபி கொடுத்துவிட்டு அவர் கையைப் பிடித்துச் சாவி கொடுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து பிள்ளைகள் எதிரில் அவர் கையை அம்மா பிடித்து நாங்கள் பார்த்ததில்லை. அந்தச் சாவிக்காகத்தான் பிடித்தாள்.

எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூடுவதாக 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. அப்பாவும் இன்று இல்லை. வாட்ச் ஓடுகிறது, அம்மாதான் சாவி கொடுக்கிறாள். ஸ்பீட்மாஸ்டர் வாங்க என்னிடம் இன்று பணம் இருக்கிறது. வாங்கிக் கொடுத்தால் என் அம்மா அதைத் தொடமாட்டாள். எங்கள் வீட்டில் தீர்ப்பு எப்போதோ ஆகிவிட்டது, நடுவர் அவர்களே. இங்கேயும் ஜனதாவுக்கே சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.