மாட்டுக்குப் போட்ட கம்பி

எல்லாருக்கும் வணக்கம். பேச்சைத் தொடங்கும் முன் ஒரு பொருளைக் காட்டிவிடுகிறேன். ஒரு முழம் முள்கம்பி. எங்கள் தோட்டத்து வேலியிலிருந்து கழன்று கிடந்தது. பைக்குள் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்ததில் பையில் ஒரு ஓட்டை, பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்து ஒரு முறைப்பு.

கிட்டத்தில் பாருங்கள். நீளவாட்டில் ஓடுவது ஒரு கம்பி அல்ல, இரண்டு. கயிறு திரிப்பதுபோல முறுக்கியிருக்கிறது. முள் என்பது தனியாக ஒரு சின்னத் துண்டு. அதைக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனிகளைச் சாய்வாக வெட்டி விட்டிருக்கிறார்கள். சரி, இரண்டாவது கம்பி எதற்கு? அது இல்லையென்றால் நாலு மாடு உரசினாலே முட்களெல்லாம் பாசிமணி மாதிரி நழுவி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும். முறுக்கிய இரண்டாவது கம்பிதான் முள்ளை நகராமல் பிடித்துக்கொள்கிறது. முள் வைத்த வேலிக்கு அதற்கு முன்பே சிலர் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். நின்று பிடித்தது இந்த முறுக்குதான்.

இதைச் செய்தவர் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் டிகால்ப் ஊர் விவசாயி, ஜோசப் கிளிடன். 1873இல் உள்ளூர்ச் சந்தையில், மரச்சட்டத்தில் ஆணி அடித்து வேலியில் தொங்கவிட்ட ஒன்றைப் பார்த்திருக்கிறார். வீட்டுக் காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரத்தில் கம்பியைக் கொடுத்து வளைத்து முள் செய்தார் என்று சொல்வார்கள். 1874 நவம்பர் 24 அன்று காப்புரிமை கிடைத்தபோது அவருக்கு வயது 61.

ஏன் அங்கே, ஏன் அப்போது? 1862இல் அந்நாட்டு அரசு குடியேறுபவர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் தருவதாகச் சட்டம் போட்டது. நிலம் கிடைத்தது, வேலி கட்ட மரம் இல்லை, கல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. முள்மரம் நட்டு உயிர்வேலி வளர்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அதுவரை மாடுகள் சும்மா இருக்குமா? 1874இல் அங்கே தயாரான முள்கம்பி ஐந்து டன்கூட இல்லை. 1880இல் 36,000 டன்னைத் தாண்டிவிட்டது.

அதே காலத்தில் நம் நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? வெள்ளைக்காரர்கள் உப்பு வரியைக் காப்பாற்ற ஒரு முள்வேலி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். சிந்து நதியிலிருந்து மகாநதி வரை சுங்க எல்லை. 1869இல் அதன் நீளம் 2,300 மைல், காவலுக்கு ஏறக்குறைய 12,000 ஆட்கள். கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி என்று மண்ணுக்கு ஏற்றபடி நட்டார்கள். எதுவும் முளைக்காத இடத்தில் வெட்டிய முள்ளைக் குவித்தார்கள். நன்றாக வளர்ந்த இடங்களில் 12 அடி உயரம்! இந்த வேலியை முனைந்து வளர்த்த சுங்க ஆணையர் யார் என்றால், ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆமாம், 1885இல் காங்கிரஸைத் தொடங்கிய அதே ஹியூம்தான். 1879இல் அந்தச் சுங்க எல்லையையே எடுத்துவிட்டார்கள். பராமரிக்க ஆளில்லாமல் வேலி அழிந்தது. ஆக, உயிர்முள் இங்கே பட்டுப்போன சமயத்தில் இரும்புமுள் அங்கே தளிர்த்துக்கொண்டிருந்தது. முள்ளை மனிதனுக்கு எதிராக நிறுத்துவது புதிய யோசனை இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். தண்ணீர் கேட்காத, ஒரே நாளில் மைல் கணக்கில் நீளும் முள் மட்டும்தான் புதிது.

டெக்சஸுக்கு வருவோம். அதுவரை அங்கே மேய்ச்சல் நிலம் பொது. கம்பி வந்ததும், பணம் உள்ளவர்கள் தங்கள் நிலத்தோடு பொதுநிலத்தையும் குட்டையையும் பாதையையும் சேர்த்து வளைத்தார்கள். 1883இல் வறட்சி. தண்ணீர் வேலிக்கு அந்தப் பக்கம், தாகத்தோடு மாடு இந்தப் பக்கம். ராத்திரியில் கூட்டமாகப் போய்க் கம்பியை அறுத்தார்கள். துப்பாக்கிச் சண்டைகூட நடந்தது. மறுவருஷம் சட்டம் வந்தது. வேலி அறுத்தால் சிறை. அடுத்தவன் நிலத்தை வளைத்தாலும் குற்றம்தான், ஆனால் சின்னக் குற்றம். இந்த அளவுகோலை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம், விடுங்கள்.

அப்புறம் 1886 ஜனவரி. வடக்கிலிருந்து மாடுகள் இறங்கி வந்து தங்கள் புல்லைத் தின்றுவிடக் கூடாதென்று, டெக்சஸ் வடமுனைப் பண்ணைக்காரர்கள் கிழக்கு மேற்காக 200 மைலுக்குக் கம்பி இழுத்திருந்தார்கள். பனிப்புயல் அடித்தது. மாடு காற்றுக்கு முதுகைக் காட்டி, காற்று போகும் திசையிலேயே நடக்கும். பள்ளத்தாக்கு எதிர்ப்பட்டால் ஒதுங்கிக்கொள்ளும். அன்றைக்கு எதிர்ப்பட்டது கம்பி. முன்னால் வந்தவை நின்றன, பின்னால் வந்தவை நெருக்கின. பக்கவாட்டில் போகலாம் என்று மாட்டுக்கு யார் சொல்வது? நின்ற இடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக விறைத்துச் செத்தன. பனி விலகியபோது வேலி நெடுகப் பிணங்கள்.

இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வருஷம் தள்ளி, 1902, தென்னாப்பிரிக்கா. பிரிட்டிஷாரோடு போரிடும் டச்சு வம்சாவளிக் குடியானவர்களான போயர்கள் குதிரையில் வந்து அடித்துவிட்டு மறைகிறார்கள். பிரிட்டிஷ் தளபதி கிச்சனர் சுமார் 8,000 காவல்கூண்டுகள் கட்டி, அவற்றுக்கிடையே ஏறத்தாழ 6,000 கிலோமீட்டருக்கு முள்கம்பி இழுத்தார். தொட்டால் சத்தம் வரும்படி கம்பியில் காலி டப்பாக்களைத் தொங்கவிட்டார்கள். பிறகு படையை வரிசையாக நிறுத்தி, போயர்களை அந்தக் கம்பியை நோக்கி ஓட்டினார்கள். மாடு ஓட்டுவதேதான். பண்ணைகளைக் கொளுத்திவிட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் முகாம்களில் வைத்தார்கள். அங்கே இறந்த போயர்கள் ஏறத்தாழ 28,000 பேர், பெரும்பாலும் குழந்தைகள். கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள். அங்கே குறைந்தது 14,000 பேர். சரியாக எண்ணக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

பிடிபட்ட போயர்களில் சுமார் 5,000 பேரைக் கப்பலேற்றி இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். மலைநாட்டில் தியத்தலாவை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே முள்வேலி முகாம். அந்தத் தோட்டங்களில் அப்போது கொழுந்து பறித்தவர்கள் நம் ஊர்களிலிருந்து போனவர்கள்.

முதல் உலகப் போரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதுங்குகுழிக்கு முன்னால் கம்பி கட்ட மரக்கட்டையை அடித்து நட்டால் சத்தம் கேட்டு எதிரி சுடுவான். அதனால் திருகி இறக்கும் இரும்புக் கம்பம் வந்தது. இருட்டில் சத்தமில்லாமல் மண்ணுக்குள் திருகலாம். 1916இல் பிரான்சில் சோம் நதிக்கரையில் பிரிட்டிஷார் ஒரு வாரம் குண்டு பொழிந்தார்கள். பல இடங்களில் கம்பி அறுபடவில்லை. வெடிப்பில் எழும்பி, சிக்கல் இன்னும் அதிகமாகித் திரும்ப விழுந்தது. ஜூலை 1, ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் செத்தார்கள். எந்திரத் துப்பாக்கிதான் கொன்றது. பல இடங்களில் அது குறி பார்க்கும்வரை ஆளை நிறுத்தி வைத்தது கம்பி. கம்பியைத் தொட்டதுமே குண்டை வெடிக்கவைக்கும் கருவி மறுவருஷம்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இதே கம்பியில் மின்சாரம் பாய்ச்சினார்கள். 1961 ஆகஸ்ட் 13 அதிகாலையில் பெர்லினைப் பிரித்தபோதும் முதலில் வந்தது கம்பிச் சுருள்தான். சுவர் பின்னால் வந்தது. அவசரத்துக்கு இதைப்போல உதவும் பொருள் வேறில்லை. 2009இல் வவுனியா செட்டிகுளம் பக்கம் மெனிக் பாம். போர் முடிந்த கையோடு அந்த மாதிரி முகாம்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களை அடைத்தார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் சொந்தக்காரர்கள், அந்தப் பக்கம் தேடி வந்த முகம். நடுவே கத்திப் பேசினார்கள். அந்த முகாமை மூட 2012 செப்டம்பர் ஆனது.

எங்கள் அப்பச்சி காலத்தில் தோட்டத்துக்குக் கிளுவை வேலி. ஆடு அதன் தழையைக் கடிக்கும், ஓணான் ஓடும், வெருகு ஒளியும். ஆள் போக ஒரு இடுக்கு எப்படியும் இருக்கும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதில் புகுந்து வந்து நெருப்புப்பெட்டி கேட்பார். எங்கள் அப்பா அதை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டு ஐந்து வரிசை கம்பி இழுத்தார். அந்த வாரமே தாண்டப் பார்த்து என் கெண்டைக்காலில் வாங்கிய கோடு இன்னும் இருக்கிறது.

இந்தத் துண்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். போகும்போது எடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் மட்டும் கொஞ்சம் பார்த்து, துரு ஏறியிருக்கிறது.