தேதி தவறியவரைத் திரும்ப அழைப்பது

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எச்.ஐ.வி.க்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 என மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரைதான் இப்போது பல நாடுகளில் முதலில் தரப்படுகிறது. நாளுக்கு ஒன்று போதும். விடாமல் சாப்பிட்டால், பெரும்பாலோருக்குச் சில மாதங்களிலேயே ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலை நீடிக்கும்வரை அவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி பெருகும்.

ஆகவே, சிகிச்சைக்கு வந்தவரை விடாமல் வரவைப்பது மருந்து கொடுப்பதற்குச் சமமான வேலை. அதை எப்படிச் செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

வருகை அறுந்துபோகும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவையே. பரிசோதனை முடிவு வந்த நாளுக்கும் மருந்து தொடங்கும் நாளுக்கும் நடுவில் ஒன்று. அடுத்து முதல் ஆறு மாதம். பிரசவத்துக்குப் பிறகு, ஊர் மாறும்போது, பதின்வயதினர் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்குப் போகும்போது. பல வருடம் ஒழுங்காக வந்தவர், உடம்பு நன்றாகிவிட்டது என்று நின்றுவிடுவதும் உண்டு.

முதல் இடைவெளியை மூட, தொற்று உறுதியான ஏழு நாளுக்குள் மருந்து தொடங்க வேண்டும், அவர் தயார் என்றால் அன்றைக்கே தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் பரிந்துரைத்தது. ஆனால் கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு போன்ற மூளைக்காய்ச்சல் அறிகுறி இருந்தால் அதைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து.

மருந்தோடு ஆளும் துணை வேண்டும். புதிதாகத் தொற்று தெரிந்தவருக்கு ஒரு பணியாளரை ஒதுக்கி, 90 நாளில் அதிகபட்சம் ஐந்து முறை சந்திக்கவைத்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. முடிவுகள் 2005இல் வெளியாயின. சிகிச்சை மையத்தின் முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்களில் ஆறு மாதத்துக்குள் மருத்துவரைப் பார்த்தவர்கள் 60 சதவீதம். துணை இருந்தவர்களில் 78 சதவீதம். அந்தப் பணியாளர் புத்திமதி சொல்லவில்லை. அவரவரிடம் ஏற்கெனவே இருக்கும் பலத்தைக் கண்டுபிடித்து, போக்குவரத்து, பயம், வேலை நேரம் என்று தடுப்பவற்றை ஒவ்வொன்றாக அகற்ற உதவினார்.

அடுத்தது தொலைபேசி எண். சாதாரண விஷயமாகத் தோன்றும். என் கணிப்பில் பாதித் திட்டங்கள் தடுமாறுவது இங்கேதான். பதிவு செய்யும்போதே இரண்டு எண்களும், அவர் நம்பும் ஒருவருடைய எண்ணும் வாங்க வேண்டும். எந்த நேரத்தில் அழைக்கலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன பெயர் சொல்ல வேண்டும், வீட்டுக்கு வரலாமா கூடாதா என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அங்கேயே ஒரு முறை அழைத்து எண் சரிதானா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வருகையிலும் மறுபடி கேட்க வேண்டும், ஏனென்றால் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். அனுமதி இல்லாமல் வீடு தேடிப் போனால் அக்கம்பக்கத்தில் விஷயம் கசியும். அப்படி ஒரு முறை கசிந்தால் அந்த மனிதர் அந்த மையத்தின் பக்கமே திரும்பமாட்டார். அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை.

வரவேண்டிய தேதி தாண்டி 28 நாள் ஆனால் சிகிச்சை தடைப்பட்டதாகக் கணக்கில் எழுதுவார்கள். தேடுவதற்கு அந்த 28 நாள் காத்திருக்கக் கூடாது. மறுநாள் ஒரு குறுஞ்செய்தி, அந்த வாரத்துக்குள் ஓர் அழைப்பு, பதில் இல்லாவிட்டால், அனுமதி தந்தவர் வீட்டுக்கு இரண்டாம் வாரத்தில் ஓர் ஆள். அதற்கும் முன்னால் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும். காணவில்லை என்று குறிக்கப்பட்டவர்களில் பலர் வேறு மையத்தில் மருந்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். சிலர் வந்துபோயிருப்பார்கள், பதிவுதான் ஏறியிருக்காது.

குறுஞ்செய்தியிலும் நுணுக்கம் இருக்கிறது. கென்யாவில் வாரம் ஒரு முறை ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று மட்டும் கேட்டு அனுப்பினார்கள். நன்றாக இருக்கிறேன் அல்லது பிரச்சினை இருக்கிறது என்று 48 மணி நேரத்துக்குள் பதில் வர வேண்டும். பிரச்சினை என்றாலும் பதிலே வராவிட்டாலும் செவிலியர் அழைப்பார். 2010இல் வெளியான அந்த ஆய்வில் வைரஸ் கட்டுப்பட்டவர்கள் 57 சதவீதம், செய்தி பெறாதவர்களில் 48. அதே நாட்டில் நடந்த இன்னோர் ஆய்வில் வாராந்திரச் செய்தி பலன் தந்தது, தினசரிச் செய்தி தரவில்லை. தினமும் வரும் செய்தி சீக்கிரம் பழகிப்போய், கண்ணில் படாமலே போகும் என்றே நினைக்கிறேன்.

நிலையாக இருப்பவரை மாதாமாதம் வரிசையில் நிற்கவைப்பது தேவையில்லாத தண்டனை. கூலி போகிறது, தெரிந்தவர் கண்ணில் படுகிறார். ஆறு மாத மருந்தை ஒரேயடியாகக் கொடுக்கலாம். மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் 2008 முதல் ஆறு பேர்வரை சேர்ந்த குழுவில் முறைவைத்து ஒருவர் மட்டும் மையத்துக்குப் போய், எல்லாருக்கும் மருந்து வாங்கிவந்தார். போகிறவர் தன் பரிசோதனையையும் முடித்துக்கொண்டார். ஆனால் மருந்து இருப்பு ஒழுங்காக இல்லாத மையத்தில் ஆறு மாத மருந்து கொடுக்கத் தொடங்கினால், சிலருக்கு ஆறு மாதமும் சிலருக்கு ஒரு வாரமும் கொடுக்க நேரும். முதலில் கிடங்கைச் சரிசெய்ய வேண்டும்.

வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 1000க்கு மேல் வந்தால், மாத்திரையை மாற்றும் முன்பு பேச வேண்டும். ‘ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?’ என்றால் ஆம் என்றுதான் பதில் வரும். ‘போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போயிற்று? அன்றைக்கு என்ன நடந்தது?’ என்று கேட்டால் விவரம் கிடைக்கும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்று அமிலநீக்கி எதுவும் சாப்பிடுகிறாரா என்றும் கேட்க வேண்டும். இவை டோலுடெக்ராவிரை உடலில் சேரவிடாமல் தடுக்கும். அலுமினியம், மக்னீசியம் உள்ள அமிலநீக்கி என்றால் அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிர் சாப்பிட வேண்டும். கால்சியத்தையும் இரும்பையும் டோலுடெக்ராவிரோடு ஒரே நேரத்தில், சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் சிக்கல் இல்லை.

நின்றுபோனவர் திரும்பி வரும் நாள்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அன்றைக்கு அவரைத் திட்டுவது, மாற்றல் கடிதம் கேட்பது, மூன்று ஆலோசனை அமர்வு முடிந்தால்தான் மருந்து என்பது, இவையெல்லாம் மறுபடி அவரை வெளியே தள்ளும். நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கையான சிடி4 பார்க்க வேண்டும். 200க்குக் கீழே இருந்தால், மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் பூஞ்சையான கிரிப்டோகாக்கஸுக்கான பரிசோதனை செய்வது நல்லது. இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை என நான்கும் கேட்டுக் காசநோயைத் தேட வேண்டும். ஆபத்து அறிகுறி இல்லை என்றால் அன்றே மருந்து கையில் கிடைக்க வேண்டும். அடுத்த சந்திப்பு இரண்டு வாரத்துக்குள், வைரஸ் அளவு மூன்று மாதத்தில்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தால், எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் போகலாம், பழைய மையம் கசந்தால் வேறு மையத்துக்குப் போகலாம். கடைசியாகச் சாப்பிட்டது ஏறக்குறைய எப்போது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று இருப்பதாக எப்போதாவது சொன்னார்களா என்று மட்டும் சொல்லுங்கள். விடாத தலைவலியோ இருமலோ இருந்தால், மாத்திரையைக் கையில் வாங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.