உப்பு கசியாத கல்

(கொடைக்கானலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். 1909இல் நம் ஊரின் சூரிய ஆய்வகத்தில், ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும்போது இடையே தெரியும் கோடுகள்) சற்றே இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டு, புள்ளியின் மங்கலான விளிம்புப் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று அறிந்தார். தொட முடியாததை ஒளியால் படிக்கும் அந்தக் கலையே, 2023 ஆகஸ்டில் நிலவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்திக்கும் கைகொடுத்தது. அதன் லேசர், மண்ணில் ஒரு புள்ளியைச் சுட்டு ஆவியாக்கும். அந்த ஆவி அணையும் முன் உமிழும் ஒளியில் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய கோட்டைக் காட்டிவிடும். அங்கே கந்தகம் இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

ஊர்தியின் இன்னொரு கருவி 23 இடங்களில் மண்ணை அளந்து, அதன் கலவை பெரும்பாலும், இலேசான கனிமம் மிகுந்த அனார்த்தசைட் என்னும் வெளிர்நிறப் பாறையை ஒத்திருப்பதாகக் காட்டியது. நிலவு பிறந்த புதிதில் உருகிய பாறைக் குழம்புக் கடலாகக் கிடந்தது என்றும், மோரில் வெண்ணெய் திரள்வதுபோல அந்த இலேசான கனிமம் மிதந்து மேலோடாயிற்று என்றும் சொல்லப்பட்டுவந்த கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது. (அனார்த்தசைட் நமக்கு அந்நியமன்று. சந்திரயான் சோதனைக்கான செயற்கை நிலவுமண், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறையை அரைத்தே செய்யப்பட்டது.)

எனினும், கல்லையே கொண்டுவந்து பார்ப்பதற்கு ஈடில்லை என்பேன். சாரல் மாதத்தில் உங்கள் அடுக்களை உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள்: மூடியிருந்தும் உப்பு கசிந்து கட்டிபிடித்திருக்கும். விண்கற்களுக்கும் இதே கதிதான். பூமியில் விழுந்த கல்லில் உள்ள நுண்ணிய உப்புகளை நம் ஈரக்காற்று கரைத்துவிடுகிறது. பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசாவின் ஓசிரிஸ்-ரெக்ஸ் 2023 செப்டம்பரில் கொண்டுவந்த 121.6 கிராம் துகள்களை நைட்ரஜன் சூழலில் காத்ததால்தான், உவர்நீர் வற்றி வரிசையாகப் படிந்த உப்புகள் அப்படியே கிடைத்தன. சோடியம் கார்பனேட் வகைகளும் அவற்றில் உண்டு. அதாவது, பென்னு உடைந்து பிரிந்துவந்த பெரிய தாய்ச் சிறுகோளுக்குள் ஒருகாலத்தில் உப்புநீர் தேங்கியிருந்திருக்கிறது.

அதே துகள்களில், நம் உடலின் புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் 14உம், மரபுப்பொருளான டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வில் எழுத்துகள்போல அமையும் ஐந்து காரங்களும் இருந்தன. இதைக் கேட்டு "அங்கே உயிர் இருந்தது" என்று சொல்லிவிடக் கூடாது. மூலப்பொருள் வேறு, உயிர் வேறு. எனக்கு இதைவிட வியப்பளித்தது மற்றொன்று. அமினோ அமிலங்கள் இடக்கை, வலக்கைபோல இரு வடிவங்களில் அமையும். பூமியின் உயிர்கள் புரதம் கட்ட இடக்கை வடிவத்தையே எடுத்துக்கொள்கின்றன. அந்தச் சாய்வு விண்கற்களோடு வந்திருக்கலாம் என்று பலர் கருதினர். பென்னுவிலோ இரண்டும் ஏறத்தாழச் சம அளவிலேயே இருக்கின்றன.