ரெண்டு கேப்டன் அமெரிக்கா: பழைய கதையை அழிக்காம எப்படிச் சரிபண்றாங்க?

வணக்கம் மக்களே! கும்பகோணத்துல அரசலாத்துப் படித்துறையில உக்காந்து பேசுறேன். மேட்டூர் தண்ணி வந்துடுச்சு, பின்னாடி பசங்க குதிக்கிற சத்தம் கொஞ்சம் கேக்கும். மைக்கைப் பக்கத்துலயே வச்சிருக்கேன், பேச்சு தெளிவா வந்துடும்.

இன்னிக்கு விஷயம் ரொம்ப நாளா மனசுல இருக்கறது. ஒரு காமிக்ஸ் ஹீரோ எழுபது எண்பது வருஷமா வந்துக்கிட்டே இருக்கான். எழுதுறவங்க மாறிக்கிட்டே இருக்காங்க. ஒருத்தர் எழுதினது இன்னொருத்தர் எழுதினதோட இடிக்குது. அந்த இடியை என்ன செய்யறாங்க? இதுல நல்லா செஞ்சவங்களும் இருக்காங்க, படிச்சவன் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டவங்களும் இருக்காங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு வேலையைத்தான் முதல்ல எடுக்கறேன்.

கேப்டன் அமெரிக்கா. 1941-ல வந்த ஆளு. போர்க்கால ஹீரோ. 1964-ல ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் அவரைத் திரும்பக் கொண்டுவர்றாங்க, அவெஞ்சர்ஸ் 4-ஆம் இதழ்ல. கதை என்னன்னா, போர் முடியற நேரத்துல வெடிகுண்டு வச்ச ஒரு ஆளில்லா விமானத்தை நிறுத்தப் போறாங்க கேப்டனும் கூட இருந்த பையன் பக்கியும். விமானம் வெடிச்சுடுது. பக்கி போயிட்டான். கேப்டன் கடல்ல விழுந்து பனிக்கட்டிக்குள்ள உறைஞ்சு போயிடறார். கிட்டத்தட்ட இருபது வருஷம் கழிச்சு அவெஞ்சர்ஸ் கையில கிடைக்கறார். எழுந்து பாத்தா உலகமே வேற. அருமையான கதை, அதுல சந்தேகமே இல்ல.

ஆனா ஒரு சிக்கல். 1953 டிசம்பர்ல யங் மென்னு ஒரு பத்திரிகையோட 24-ஆம் இதழ்ல கேப்டன் அமெரிக்கா திரும்ப வந்திருக்கார்! கம்யூனிஸ்டுகளை அடிச்சு நொறுக்கறவரா, 1954 வரைக்கும் வந்திருக்கார். பக்கியும் கூட இருக்கான். 1945-லேருந்து பனிக்குள்ள கிடந்த மனுஷன் 1953-ல எப்படிய்யா சண்டை போடுவார்?

இதுக்கு சுலபமான வழி ஒண்ணு இருக்கு. ‘அந்த 1953 கதையெல்லாம் நடக்கலை, மறந்துடுங்க’ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். விற்காத கதைங்கதான், கேக்கறதுக்கு ஆளும் கம்மி. ஆனா எழுத்தாளர் ஸ்டீவ் எங்கில்ஹார்ட் அப்படிப் போகலை. 1972-ல கேப்டன் அமெரிக்கா 153-லேருந்து 156 வரைக்கும், நாலே இதழ்ல ஒரு பதில் எழுதினார். வரைஞ்சது சால் புசெமா.

பதில் இதுதான்: 1953-ல வந்தவர் வேற ஆளு. கேப்டன் மேல பைத்தியமா இருந்த ஒரு படிப்பாளி. கேப்டனைப் பத்தி ஆராய்ச்சி பண்ணப் போய், ஜெர்மனியில நாஜிகளோட கோப்புகள்ல, கேப்டனுக்கு பலம் கொடுத்த வீரிய மருந்தோட சூத்திரம் அவர் கையில சிக்குது. அரசாங்கத்துக்கிட்ட போய், இதைத் தர்றேன், என்னைக் கேப்டன் ஆக்குங்கன்னு கேக்கறார். முகத்தையே அறுவை சிகிச்சை பண்ணி ஸ்டீவ் ராஜர்ஸ் (அதான் கேப்டனோட நிஜப் பேர்) முகமா மாத்திக்கறார். பேரையும் மாத்திக்கறார். அதுக்குள்ள கொரியப் போர் நின்னுபோச்சு, அரசாங்கம் வேண்டாம்னுடுச்சு. என்ன பண்ணுவார்? அந்த முகத்தோடயே ஒரு பள்ளிக்கூடத்துல வாத்தியாராப் போறார். அங்க அவரை மாதிரியே கேப்டன் பைத்தியம் பிடிச்ச ஒரு பையன், ஜாக் மன்ரோ. ரெண்டு பேரும் அந்த மருந்தை ஏத்திக்கறாங்க. ஆனா மருந்தோட சேத்துக் கொடுக்க வேண்டிய கதிர்ச் சிகிச்சை அவங்களுக்குக் கிடைக்கலை. உடம்பு வலுவாயிடுச்சு, புத்தி கெட்டுப்போச்சு. பாக்கறவங்களெல்லாம் கம்யூனிஸ்டாத் தெரியறாங்க, அப்பாவி ஜனங்களை அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. கடைசியில அரசாங்கமே ரெண்டு பேரையும் பிடிச்சு உறைய வச்சுடுச்சு.

இந்த இடத்தைக் கிட்டக்கப் பாருங்க, கேமராவுல காட்டறேன். இது 155-ஆம் இதழ். இந்தக் கட்டங்கள்ல கோடு வேற மாதிரி இருக்கா? 1953-ல ஜான் ரோமிட்டா வரைஞ்ச பழைய கட்டங்களை எடுத்து இந்தக் கதைக்குள்ளயே பொருத்தியிருக்காங்க. அதாவது எந்தக் கதையை மறைச்சிருக்கணுமோ, அதையே சாட்சியாக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கார். எனக்கு இந்தப் பக்கத்தை எப்பத் திறந்தாலும் மேல நகர மனசே வராது.

அதுக்கப்புறம் வர்ற சண்டை இன்னும் பெருசு. உண்மையான ஸ்டீவ், தன் முகத்தோடயே நிக்கற அந்த ஆளை அடிக்கறார். ஜெயிச்சுடறார், ஆனா சந்தோஷமே இல்ல. மருந்து கொஞ்சம் மாறியிருந்தா நானும் இவன்தானேன்னு நினைக்கறார். ரெண்டு வருஷத்தோட கணக்கு இடிச்ச ஒரு தப்புலேருந்து, தேசபக்தி எந்த இடத்துல வெறியா மாறுதுன்னு கேக்கற ஒரு கதை பிறந்துடுச்சு. அதுவும் 1972-ல, வியட்நாம் போர் நடந்துக்கிட்டு இருக்கறப்ப!

சரி, 1945-க்கும் 1949-க்கும் நடுவுல வந்த கேப்டன் கதைகள்? அதையும் விடலை. 1977-ல வாட் இஃப் 4-ஆம் இதழ்ல ராய் தாமஸ், வேற ரெண்டு பேர் அடுத்தடுத்து அந்த உடுப்பைப் போட்டுக்கிட்டாங்கன்னு எழுதிச் சேத்துட்டார். 2005-ல எட் ப்ரூபேக்கர் பக்கியையே திரும்பக் கொண்டுவந்தார். அவரும் 1964 பக்கத்துல கை வைக்கலை. வெடிச்சது வெடிச்சதுதான். அதுக்கப்புறம் பக்கி உடம்பு என்ன ஆச்சுன்னு அங்க காட்டலையே, அந்த இடைவெளிக்குள்ளதான் நுழைஞ்சார்.

இதைத்தான் ரெட்கான்னு சொல்றாங்க. பின்னால வர்றவர் முன்னால நடந்ததுக்குப் புது அர்த்தம் கொடுக்கறது. என்னைக் கேட்டா, நல்ல ரெட்கான் பண்றவர் படிச்சவன் கையில இருக்கற புத்தகத்துக்கு மதிப்பைக் கூட்டுவார். 1953 இதழை வச்சிருந்தவனுக்கு 1972-ல அந்த இதழே புதுசாயிடுச்சு.

இதுக்கு நேர் எதிரானதையும் சொல்லிடறேன். ஸ்பைடர்மேன். பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் 1987-ல கல்யாணம். இருபது வருஷம் குடும்பம் நடத்தறாங்க, சண்டை, சமாதானம், துக்கம் எல்லாத்தையும் நாம கூட இருந்து படிச்சோம். 2007-ல ஒன் மோர் டேன்னு ஒரு கதை. பீட்டரை வளத்த மே சித்திக்குக் குண்டடி. அவங்க உயிரைக் காப்பாத்த மெஃபிஸ்டோங்கற பிசாசுக்கிட்ட அந்தக் கல்யாணத்தையே கொடுத்துடறாங்க. கல்யாணம் நடக்கவே இல்லன்னு ஆயிடுச்சு. கல்யாணமான ஹீரோவை வச்சு எழுதறது கஷ்டம்னு பதிப்பாளருக்குத் தோணியிருக்கு. அதுக்காக இருபது வருஷத்தை ஒரு பேரத்துல விட்டுக்கொடுக்கறதா? எனக்கு இன்னும் ஆறலை.

அடுத்து ஹீரோவோட வயசு விஷயத்துக்கு வருவோம்: வருஷம் ஓடுது, ஆனா அவருக்கு வயசு ஏறக்கூடாது. நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச மாயாவி, அதாவது ஃபாண்டம். லீ ஃபாக் 1936-ல ஆரம்பிச்சு, 1999-ல இறக்கற வரைக்கும் எழுதினார். அவர் முதல்லயே வழி பண்ணிட்டார்: சாகாத மனுஷன்னு ஊரே நம்பும், ஆனா அப்பாவுக்கப்புறம் மகன், மகனுக்கப்புறம் பேரன்னு 1536-லேருந்து முகமூடி கைமாறுது, இப்ப இருக்கறவர் 21-ஆவது. எந்தக் காலத்துக் கதை வேணும்னாலும் எழுதலாம், எதுவும் இடிக்காது. இத்தாலிய கவ்பாய் ஹீரோ டெக்ஸ் வில்லர் வேற தினுசு. 1948-லேருந்து வர்றார், மனைவி லிலித் இறந்துட்டா, மகன் கிட் வளந்து கூடவே குதிரை ஏறிட்டான், அதோட காலம் நின்னுபோச்சு. இரவுக் கழுகார்னு நாம கூப்பிடற டெக்ஸுக்கு அதுக்கு மேல வயசு ஏறாது. இளவயசு டெக்ஸ் வேணும்னு 2018-ல இத்தாலியில அதுக்குன்னு தனி மாத இதழே ஆரம்பிச்சுட்டாங்க. கதைகளை மேற்கு அமெரிக்காவோட அந்தப் பழைய காலத்துலயே வச்சதால அது நடக்குது.

கேப்டன், ஸ்பைடர்மேன் கதைகளைப் போடற மார்வெல் கம்பெனிக்கு அந்த வசதி இல்ல, அவங்க கதை எப்பவும் ‘இன்னிக்கு’ நடக்கணும். அயர்ன் மேன் 1963-ல வந்தப்ப வியட்நாம்ல அடிபட்டார். இப்ப அதைச் சொன்னா டோனி ஸ்டார்க்குக்கு எண்பது தொண்ணூறு வயசாயிடும். அதனால 2005-ல வந்த எக்ஸ்ட்ரீமிஸ் கதையில ஆப்கானிஸ்தான் ஆச்சு. அதுவும் ஒருநாள் பழசாகுமே? 2019-ல மார்க் வெய்ட் சியான்காங்னு ஒரு கற்பனை நாட்டுல ஒரு கற்பனைப் போரையே உண்டாக்கி, இந்த மாதிரி ஆளுங்களோட போர் அனுபவத்தையெல்லாம் அங்க மாத்திட்டார். போர் கற்பனைங்கறதால வருஷத்தோட சேத்து நகத்திக்கலாம்.

ஆனா நகத்தவே முடியாத ஒருத்தர் இருக்கார். எக்ஸ்-மென் கதைகள்ல வர்ற மேக்னெட்டோ. 1981-ல கிறிஸ் கிளேர்மான்ட், அன்கேன்னி எக்ஸ்-மென் 150-ல, மேக்னெட்டோ நாஜிகளோட ஆஷ்விட்ஸ் வதைமுகாம்ல வளந்தவர்னு சொல்லிட்டார். அதுக்கு முன்னாடி அவர் சும்மா ஒரு வில்லன். இந்த ஒரு வரியால அவர் கோபத்துக்கே ஒரு வேர் கிடைச்சுடுச்சு. ஆனா ரெண்டாம் உலகப் போரை எந்தக் கற்பனை நாட்டுக்கும் மாத்தக்கூடாது, அது பாவம். அப்ப வயசுக்கு என்ன பண்றது? இங்கதான் ஒரு பழைய கதை கைகொடுக்குது. 1974-ல டிஃபெண்டர்ஸ்ல அவரைக் கைக்குழந்தையா மாத்தியிருந்தாங்க, 1977-ல திரும்ப நல்ல வாலிப உடம்போட எழுப்பினாங்க. அன்னிக்கு அது வெறும் விநோதக் கதை. பின்னால அதுவே அவர் வயசுக்கு விளக்கமாயிடுச்சு. பழைய கதையைத் தூக்கிப் போடாம வச்சிருந்தா எப்ப எது உதவும்னு யாருக்குத் தெரியும்?

மார்வெலோட போட்டிக் கம்பெனி டிசி காமிக்ஸ் வேற பாதையில போனாங்க. 1961-ல ஃப்ளாஷ் 123-ஆம் இதழ்ல கார்ட்னர் ஃபாக்ஸ், பழைய ஃப்ளாஷ் வேற ஒரு பூமியில இருக்கார்னு எழுதினார். அதுலேருந்து பூமி பெருகிக்கிட்டே போச்சு. 1985-ல மார்வ் உல்ஃப்மனும் ஜார்ஜ் பெரஸும் கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்னு 12 இதழ்ல எல்லா பூமியையும் ஒண்ணாக்கினாங்க. நம்ம கும்பேஸ்வரர் கோயில் தலபுராணம் தெரியுமில்ல? பிரளயத்துக்கு முன்னாடி பிரம்மா சிருஷ்டி பீஜத்தையெல்லாம் ஒரு கும்பத்துல வச்சு மிதக்க விட்டார், அது இங்க வந்து ஒதுங்குச்சு. டிசி பண்ணினதும் ஒரு பிரளயம்தான். ஆனா கும்பத்துல எதை வைக்கணும்னு முன்கூட்டியே ஒரே முடிவு எடுக்கலை. ஒவ்வொரு எடிட்டரும் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கிட்டார்.

அதுல மாட்டினவர் ஹாக்மேன்ங்கற இறக்கை வச்ச ஹீரோ. 1940-ல கார்ட்டர் ஹால், எகிப்து இளவரசனோட மறுபிறவி. 1961-ல அதே ஹாக்மேன் பேர்ல கட்டார் ஹோல், தனகர் கிரகத்துப் போலீஸ்காரர். அதுவரைக்கும் குழப்பமே இல்ல, அவர் அந்த பூமி, இவர் இந்த பூமி. 1989-ல டிமதி ட்ரூமன் ஹாக்வேர்ல்டுன்னு அற்புதமா ஒரு கதை எழுதி வரைஞ்சார். அதோட தொடர் 1990-ல ‘இப்பத்தான் பூமிக்கு வந்திருக்கார்’னு ஆரம்பிச்சுடுச்சு. அப்ப இத்தனை வருஷம் ஜஸ்டிஸ் லீக்ங்கற ஹீரோக்கள் குழுவுல இருந்தது யாரு? உடனே, அது கார்ட்டர் ஹால்னு சொன்னாங்க. அப்புறம் நடுவுல ஒரு தனகர் உளவாளி இருந்தான்னு சேத்தாங்க. 1994-ல ‘ஸீரோ ஹவர்’ங்கற கதை சமயத்துல எல்லாரையும் பிசைஞ்சு ஒரு ஆளாக்கினாங்க. 1996-ல புத்தகமே நின்னுபோச்சு. வொண்டர் கேர்ளா வந்த டோனா ட்ராய்க்கும் இதே கதிதான், வொண்டர் வுமன் 1987-ல புதுசா ஆரம்பிச்சதும் அந்தப் பொண்ணோட பிறப்புக் கதைக்கே ஆதாரம் இல்லாமப் போச்சு.

2018-லதான் ராபர்ட் வெண்டிட்டி ஹாக்மேனுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். கார்ட்டர் ஹால் திரும்பத் திரும்பப் பிறக்கறது காலத்துல மட்டும் இல்ல, இடத்துலயும்தான். எகிப்துலயும் பிறந்தார், தனகர்லயும் பிறந்தார், சூப்பர்மேனோட கிரகமான கிரிப்டான்லயும் ஒரு பிறவி. எல்லா ஹாக்மேனும் உண்மை. நம்ம ஜனங்களுக்கு மறுபிறவியை உக்காந்து விளக்கவே வேண்டாம்! வரைஞ்சவர் பிரையன் ஹிட்ச், இறக்கையில ஒவ்வொரு இறகும் தெரியும்.

இன்னொண்ணு சொல்லணும். நாமெல்லாம் காமிக்ஸ் வரிசையாப் படிச்சவங்களே இல்ல. எங்க பெரியப்பா வீட்டுப் பரண்ல முத்து காமிக்ஸ், லயன், ராணி காமிக்ஸ் எல்லாம் கலந்து பைண்டு பண்ணி வச்சிருப்பாங்க. அட்டையைப் பிச்சுட்டுத்தான் தைப்பாங்க, எத்தனையாவது இதழ்னே தெரியாது. இரும்புக்கை மாயாவி (ஃபாண்டம் இல்ல, இவர் வேற மாயாவி) முதல் கதையில கெட்டவழிக்குப் போனவர்ங்கறதே, அவர் ஹீரோவா வர்ற கதைகளைப் படிச்சு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சது. அதனால ரசிக்கறது கொஞ்சமும் குறையலை. எழுதினவங்க ஒவ்வொரு கதையிலயும், இவன் யாரு, கை ஏன் இரும்பு, கரண்ட் பட்டா என்ன ஆகும்னு ரெண்டு கட்டத்துல சொல்லிடுவாங்க. புதுசா வர்றவனுக்கு வாசலைத் திறந்து வச்சாங்க. எழுபது வருஷ வரலாறு மனப்பாடமா இருந்தாத்தான் உள்ள விடுவேன்னு இன்னிக்கு சில புத்தகங்கள் நிக்குது, அது வரலாறு தெரிஞ்ச எழுத்தாளர் பண்ற அநியாயம். எங்கில்ஹார்ட் கதையைப் பாருங்க, 1953 இதழைக் கண்ணாலயே பாக்காதவனுக்கும் முழுசாப் புரியும்.

ஆரம்பிக்கணும்னு நினைக்கறவங்க அந்த நாலு கேப்டன் இதழ்லேருந்து ஆரம்பிங்க, தொகுப்பாக் கிடைக்குது. அப்புறம் ஹாக்மேன் 2018. அடுத்த வீடியோ நம்ம இரத்தப் படலம், அதாவது XIII காமிக்ஸ் தொடர். ஞாபகம் போன ஒரு மனுஷனுக்கு அதை எழுதின வான் ஹாம் எத்தனை பேரை மாத்தி மாத்திக் கொடுத்தார், ஒவ்வொண்ணையும் எப்படிக் கணக்குல வச்சுக்கிட்டார்னு பக்கம் பக்கமாப் பாக்கலாம். முதல் மூணு பாகத்தை மட்டும் படிச்சுட்டு வாங்க, அதுக்கு மேல நடக்கறதை நான் முன்னாடியே சொல்லிடமாட்டேன். வர்றேன் மக்களே.